பெட்டியா, படியா?

பொம்மையைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறேன் என்று விடுதியில் சொன்னபோது நண்பர்கள் சிரித்தார்கள். "எழுதுவதற்கு நாட்டில் வேறு பொருளே இல்லையா?" என்றார் ஒருவர். "இருபத்தொரு வயதில் பொம்மையா?" என்றார் மற்றொருவர். இருவர் கேள்வியும் நியாயமானவையே. ஆனால், விரல் நீளமே உள்ள ஒரு பிளாஸ்டிக் பொம்மையின் முன்னால் நான் தலைகுனிந்து நின்ற நாள் ஒன்று உண்டு. அந்த நாள் எனக்கு உணர்த்தியதை மாணவ நண்பர்களாகிய உங்களிடம் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சித்தூரில் என் அத்தை வீடு இருக்கிறது. அப்பாவுக்கு மூத்த அக்காள் அவர். வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் தெலுங்கு. சித்தூர்க்காரர்களுக்கு இது புதிதன்று. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு அங்கே ஏழு படி கொலு வைப்பார்கள். மேற்படியில் கலசத்தின் அருகே மரப்பாச்சிப் பொம்மைகள் இரண்டு நிற்கும். அத்தையின் திருமணத்தின்போது திருப்பதியில் வாங்கிய செம்மரப் பொம்மைகள் அவை. ராசாவுக்கு வேட்டியும், ராணிக்குச் சேலையும் ஆண்டுக்கு ஆண்டு புதிதாக மாறும். அடுத்த படிகளில் தசாவதாரம், செட்டியார் கடை, கலியாண ஊர்வலம். கீழ்ப்படியில் பூங்கா. அந்தப் பூங்காவின் வாயிலில், கோவில் துவாரபாலகர் நிற்க வேண்டிய மிடுக்கோடு, ஒருவன் நிற்பான். அவனுக்கு வீட்டில் வழங்கும் பெயர் "மோட்டார்க்காரன்". ஏறி வந்த மோட்டார் எப்போதோ தொலைந்துவிட்டது. நெற்றியில் மட்டும் குங்குமப் பொட்டு உண்டு.

சிறு வயதில் நான் அவனைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. கல்லூரிக்கு வந்த பிறகுதான் அவன் யார் என்று அறிந்தேன். 1985இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் "ஸ்ட்ரீட் ஹாக்" என்றொரு தொடர் வந்தது. மின்னல் வேகத்தில் பாயும் மோட்டார் சைக்கிளில் ஏறிக் குற்றவாளிகளைத் துரத்தும் ஒரு காவலனின் கதை. அங்கே 13 பகுதிகளோடு அது நின்றுபோயிற்று. அங்கே தோற்ற தொடர் இங்கே வென்றது. தூர்தர்ஷனில் அது வந்த நாள்களில் நம் ஊர்ச் சிறுவர்கள் மிதிவண்டியில் ஏறினாலும் அந்த வீரனாகவே ஏறினார்கள். அந்த வீரனை ஃபன்ஸ்கூல் நிறுவனம் பொம்மையாக்கி விற்றது. மாமா தம் மகனுக்கு, அதாவது என் அத்தானுக்கு, அதை வாங்கிக் கொடுத்தார்.

இந்தப் பொம்மையின் குலத்தைக் கொஞ்சம் கூறினால்தான் பின்னால் நான் சொல்லப் போவது விளங்கும்.

1964இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்ற போர்வீரனை ஓரடி உயரத்தில் செய்தது. "பொம்மை" என்று சொன்னால் பையன்கள் வாங்கமாட்டார்கள் என்று அஞ்சி, "ஆக்ஷன் ஃபிகர்" என்று புதுப் பெயர் சூட்டினார்கள். 1977இல் "ஸ்டார் வார்ஸ்" திரைப்படம் வந்தது. அந்தப் படத்தின் பொம்மைகளைச் செய்யும் உரிமை பெற்ற கென்னர் நிறுவனத்தாரால் கிறிஸ்துமசுக்குள் பொம்மைகளை முடிக்க இயலவில்லை. ஆகவே, பொம்மை இல்லாத அட்டை உறையையே விற்றார்கள். உள்ளே இருந்த சீட்டை அனுப்பினால் மறு ஆண்டு நான்கு பொம்மைகள் வீட்டுக்கு வந்து சேரும். வெற்று உறையைக் காசு கொடுத்து வாங்கிக் குழந்தையின் கையில் கொடுத்தார்கள் பெற்றோர்கள்! அந்தப் பொம்மைகளின் உயரம் மூன்றே முக்கால் அங்குலம். அந்த அளவு பெற்ற வெற்றியைக் கண்டு, 1982இல் ஜி.ஐ. ஜோவும் ஓரடியிலிருந்து மூன்றே முக்கால் அங்குலமாக உருமாறி வந்தான். போரோடு அறிவியல் கற்பனையும் கலந்துகொண்டது. லேசர் துப்பாக்கிகளும் இயந்திர மனிதர்களும் அணிவகுத்தன.

இந்தியாவுக்கு அவன் வந்த வழி நம் சென்னை வழி. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் குழந்தைகளுக்கான பலூன் செய்யத் தொடங்கினார். அந்தப் பலூன் வளர்ந்து எம்.ஆர்.எஃப். என்னும் டயர் நிறுவனமாயிற்று. அந்த நிறுவனம் 1987இல் ஹாஸ்ப்ரோவோடு கைகோத்து ஃபன்ஸ்கூலைத் தொடங்கியது. பலூனில் பிறந்தது டயராகி, மீண்டும் பொம்மைக்கே திரும்பியது. சித்தூருக்கு அண்மையில் உள்ள இராணிப்பேட்டையிலும் இன்று அந்த நிறுவனத்துக்குத் தொழிற்சாலை இருக்கிறது.

வெளிநாட்டில் பயன்பட்ட அச்சுகள் இங்கே வந்தன. அச்சு அவர்களுடையது, வார்த்த பிளாஸ்டிக்கும் பூசிய வண்ணமும் இங்கத்தியவை. ஆகவே, அமெரிக்காவில் ஒரு நிறத்தில் பிறந்தவன் இந்தியாவில் வேறொரு நிறத்தில் பிறந்தான். ஒரே பெயர் கொண்ட இரண்டு பொம்மைகளை அருகருகே வைத்தால், ஒன்றின் சட்டை சற்று வெளுத்திருக்கும். மற்றொன்றின் மீசை சற்றுக் கோணியிருக்கும். அன்று இதைக் குறை என்றார்கள். இன்று உலகெங்கும் பொம்மை சேர்ப்போர் இந்தக் "குறை"க்காகவே இந்தியப் பொம்மைகளைத் தேடி அலைகிறார்கள்.

அப்படித் தேடுகிற ஒருவரின் செய்தி, சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் மூலமாக என்னை எட்டியது. மோட்டார்க்காரனின் படத்தை அனுப்பினேன். "4,000 ரூபாய் தருகிறேன். வண்டி உண்டா? அட்டை உண்டா?" என்று கேட்டார். வண்டியும் இல்லை, அட்டையும் இல்லை. "பரவாயில்லை, நெற்றியில் ஏதோ சிவப்புக் கறை இருக்கிறதே, அது போகுமா?" என்று மீண்டும் கேட்டார்.

தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம் அது. நான் சித்தூருக்குப் பேருந்து ஏறினேன். அத்தையிடம் உண்மையைச் சொல்லவில்லை. "படம் எடுக்க வேண்டும், தருகிறீர்களா?" என்றேன். அத்தை ஒரு கேள்வியும் கேட்காமல் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கச் சொல்லி, பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்த பொம்மையை எடுத்துக் கொடுத்தார். திருப்பதிக்கு வந்ததும், நகச்சாயம் நீக்கும் நீரைப் பஞ்சில் தொட்டு நெற்றியைத் துடைத்தேன். முப்பது ஆண்டுக் குங்குமம் போயிற்று. அதோடு முகத்தின் வண்ணமும் போயிற்று. அந்த நீர் பிளாஸ்டிக்கையே கரைக்கும் என்பதை, இளகிப்போன நெற்றியில் என் விரல் ஒட்டியபோதுதான் தெரிந்துகொண்டேன். பி.எஸ்ஸி. மாணவன் நான்; சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடுத்து அனுப்பிய படத்தைக் கண்டதும், "அசல் வண்ணம் இல்லை, 500 ரூபாய்க்கு மேல் போகாது" என்று பதில் வந்தது.

500 ரூபாய்க்கு விற்க மனம் இல்லை. விற்காமல் வைத்துக்கொள்ளவும் துணிவில்லை. நவராத்திரிக்கு முதல்நாள் சித்தூருக்குப் போய், நடந்ததை எல்லாம் அத்தையிடம் சொல்லிப் பொம்மையை நீட்டினேன். அத்தை சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மூஞ்சி கழுவிட்டு வந்திருக்கான். பொட்டு வெக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குங்குமச் சிமிழை எடுத்து வந்தார்.

அன்று இரவுதான் எனக்குச் செய்தி முழுவதும் தெரிந்தது. அத்தான் எட்டு வயதில் அந்தப் பொம்மையைக் கொலுவில் வைக்க வேண்டும் என்று அழுது அடம் பிடித்தாராம். "இது சாமி இல்லடா" என்றாராம் அத்தை. "ராசா ராணிக்குக் காவல் வேணாமா?" என்று கேட்டானாம் பையன். அன்று முதல் அவன் காவல். அத்தான் இப்போது குவைத்தில் வேலை பார்க்கிறார். போய்ப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. கோடையில் வருவார், நவராத்திரிக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. அவர் போன ஆண்டு முதல், கொலு வைக்கும் நாளில் முதல் பொட்டு மோட்டார்க்காரனுக்கே. எனக்குக் கறையாகப் பட்டது அதுதான்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். பழம்பொருளைச் சேர்ப்பதில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று பெட்டி வழி. மற்றொன்று படி வழி.

பெட்டி வழியில் மிக உயர்ந்த பொருள் எது? ஒரு குழந்தையின் கையும் படாத பொருள். ஒட்டிய உறையைப் பிரிக்காத பொம்மைக்கு ஒரு விலை; பிரித்ததற்கு வேறொரு விலை; விளையாடியதற்கு அதனினும் தாழ்ந்த விலை. 2024இல் அமெரிக்காவில் "ஸ்டார் வார்ஸ்" பாத்திரமான போபா ஃபெட்டின் பொம்மை ஒன்று 5,25,000 டாலருக்கு ஏலம் போயிற்று. முதுகிலிருந்து சிறு ராக்கெட் பாயும்படி 1979இல் செய்த மாதிரி உரு அது. குழந்தையின் தொண்டையில் ராக்கெட் சிக்கிவிடும் என்று அஞ்சி அந்தப் பொம்மையைக் கடைக்கே அனுப்பவில்லை. உலகில் மிகுந்த விலை பெற்ற பொம்மைகளில் ஒன்று, எந்தக் குழந்தையும் கடையில் வாங்கி விளையாடாத பொம்மை! இதை எண்ணிப் பாருங்கள், நண்பர்களே.

படி வழி எது? அது நம் வீட்டுக் கொலு. பொம்மை சேர்ப்பது மேல்நாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று நினைப்போர் ஒரு நவராத்திரி மாலையில் நாலு வீடு ஏறி இறங்கட்டும். ஆண்டுக்கு ஒரு பொம்மையாவது புதிதாகச் சேர்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். தாயிடமிருந்து மகளுக்கு மரப்பாச்சி போவது வழக்கம். ஒன்பது நாளும் வாசற்கதவைத் திறந்து வைத்து, வந்தவரை எல்லாம் அழைத்துக் காட்டுவது வழக்கம். "இது பாட்டி வாங்கியது, இதன் கை உடைந்தது சின்னவன் பிறந்த ஆண்டு" என்று ஒவ்வொன்றுக்கும் கதை சொல்வது வழக்கம். கடைசி இரவில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்பார்கள். ஆம், இங்கேயும் பெட்டி உண்டு. ஆனால், அது ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் பெட்டி. தெலுங்கு வீடுகளிலும் இதே பொம்மைகள்தாம் "பொம்மல கொலுவு" என்ற பெயரில் படியேறுகின்றன. மொழி எல்லையை நம்மைவிட எளிதாகப் பொம்மைகள் கடந்துவிடுகின்றன.

பெட்டி வழியினரிடம் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பிரிக்காத பொட்டலத்தை ஒருவர் பாதுகாத்திருப்பதால்தான், ஒரு பொம்மை கடைக்கு வந்த நாளில் எந்த நிறத்தில் இருந்தது, கையில் எந்தக் கருவி இருந்தது என்பதெல்லாம் பிறருக்குத் தெரிகிறது. ஜி.ஐ. ஜோ பொம்மைகளின் மார்பையும் இடுப்பையும் இணைப்பது உள்ளே இருக்கும் ஒரு சிறு ரப்பர் வளையம். நம் ஊர் வெயிலில் அது இறுகி அறுந்துவிடும். அறுந்தால் முதுகுத் திருகாணியைக் கழற்றிப் புதியது போடலாம் என்பதையும், பெருவிரல் முதலில் உடையும், ஆகையால் துப்பாக்கியை அழுத்திச் செருகக் கூடாது என்பதையும் பொறுமையாக எழுதி வைத்தவர்கள் சேர்ப்போர்தாம். நான் அவர்களுடைய அறிவைப் பெற்றிருந்தால் அந்தப் பஞ்சைத் தொட்டிருக்கவே மாட்டேன். என் வழக்கு அவர்களுடைய அறிவோடு அன்று. ஒரு பொருளின் கதையை அழித்துவிட்டு விலையை மட்டும் வைத்துக்கொள்ளும் மனத்தோடுதான் என் வழக்கு. அந்த மனம் வாங்குபவரிடம் மட்டும் இருந்ததா? அவர் கறை என்று கேட்டார், துடைத்தவன் நான்.

விலை மட்டுமே மிஞ்சினால் என்ன நேரும் என்பதைத் திருப்பதியில் படிக்கும் நமக்கு வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. மரப்பாச்சிக்கு உடல் தந்த செம்மரம், சேஷாசலம் முதலான இந்தக் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் அன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. குழந்தை கடித்தாலும் கேடில்லை என்று நம்பித் தாய்மார்கள் அந்த மரத்தைத் தொட்டிலில் போட்டார்கள். வெளிநாடுகளில் அதற்கு ஏறிய விலை அதைக் கடத்தற்பொருளாக்கியது. 1995 முதல் பன்னாட்டு உடன்பாட்டின்படி அதன் வாணிகம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆயினும் வெட்டு நிற்கவில்லை. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறிக் காவல்துறை சுட்டதில், தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் மாண்டனர். பொம்மை செய்வதற்காக அந்த மரங்களை வெட்டவில்லை. அதை நான் அறிவேன். ஆனால், தொட்டிலில் கிடந்த மரம் உயிரைக் குடிக்கும் மரமானது எப்போது? அது என்ன, யாருக்கு உரியது என்ற கேள்விகள் மறைந்து, கிலோ என்ன விலை என்ற ஒரே கேள்வி எஞ்சியபோது. 4,000 ரூபாய்க் கதையை இதற்கு ஒப்பிட நான் துணியவில்லை. ஆயினும், அந்த ஒற்றைக் கேள்வியைத்தான் நானும் என் அத்தை வீட்டுப் பரணின் கீழ் நின்று கேட்டேன்.

மற்றொரு தடையும் எழும். "அமெரிக்க வீரனைக் கொண்டாடுவதா? நம் பொம்மை மரப்பாச்சி இருக்க, அந்நியப் பிளாஸ்டிக் எதற்கு?" என்பர் சிலர். அச்சு அந்நியம்தான். ஆனால், வார்த்த கை இந்தியக் கை. வாங்கிய பணம் சித்தூரில் என் மாமா உழைத்த பணம். பொட்டு என் அத்தை வைத்த பொட்டு. முப்பது நவராத்திரிகள் மரப்பாச்சிக்குக் காவல் நின்ற ஒருவனை இனியும் அந்நியன் என்பதா? நம்மையே பாருங்கள். சித்தூர் வட்டாரத்துத் தமிழ் வீடுகளில் பிறந்தவர் சிலர்; வேலூர், திருத்தணிப் பக்கமிருந்து வந்தவர் சிலர். 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூர் ஆந்திரத்தில் நின்றது. ஓர் ஊரின் அச்சு, மற்றோர் ஊரின் வண்ணம். அதை நாம் குறையாக எண்ணுவதில்லையே! பொம்மையிடம் மட்டும் ஏன் எண்ண வேண்டும்?

ஆகவே, நம் மன்றத்தார்க்கு ஒரு வேண்டுகோள். நவராத்திரி விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவரும் பரணை ஒருமுறை பாருங்கள். பழைய மரப்பாச்சியோ, தகரக் காரோ, கை போன ஜி.ஐ. ஜோவோ, எது கிடைத்தாலும் கழுவாதீர்கள், துடைக்காதீர்கள். முதலில் அது யாருடையது என்று வீட்டில் கேளுங்கள். எங்கே வாங்கியது, யார் விளையாடியது, எப்படி உடைந்தது என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். வீட்டார் இசைந்தால் அந்தப் பொம்மையையும், இசையாவிட்டால் அந்தப் பக்கத்தை மட்டுமாவது கொண்டு வாருங்கள். மன்ற அறையில் மேசைகளை அடுக்கி ஐந்து படிகள் அமைப்போம். ஒரு நாள் மாலை எல்லோரும் வந்து பார்க்கட்டும்; தெலுங்கு நண்பர்களும் தங்கள் வீட்டுப் பொம்மையோடு வரட்டும். அதற்குப் பிறகும் விற்க விரும்புவோர் விற்கட்டும். பணத் தேவை என்னவென்று எனக்கும் தெரியும். ஆனால், உடையவருக்குத் தெரிந்து விற்கட்டும். அந்தப் பக்கத்தையும் பொம்மையோடு சேர்த்தே கொடுக்கட்டும்.

தேர்வுக் கட்டணத்தை என்ன செய்தாய் என்று கேட்கிறீர்களா? கடன் வாங்கிக் கட்டினேன்; இரண்டு மாதம் மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து அடைத்தேன். மோட்டார்க்காரன் முகத்தில் வண்ணம் திரும்பவில்லை. கண் எது, மூக்கு எது என்று இப்போது தெரியாது. பொட்டு மட்டும் தெரிகிறது. அத்தான் குவைத்திலிருந்து கொலுவைக் காணொலியில் பார்த்தபோது, "என்னம்மா, என் ஆளு கொஞ்சம் வெளுத்துட்டானா?" என்று கேட்டார். நான் அத்தையின் பின்னால் மறைந்து நின்றேன். "வயசாவுதில்லடா அவனுக்கும்" என்றார் அத்தை.

அவன் இனி விலைக்கு இல்லை. பார்க்க விரும்புவோர் வரும் நவராத்திரிக்குச் சித்தூருக்கு வரலாம். கதவு திறந்திருக்கும்; சுண்டலும் உண்டு.